செய்வினை மாஸ்டர்

“மாஸ்டர், செய்வினை செய்யிற ஆளுக்கு என்ட வீட்டுல இடமில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமக் காலி பண்ணுங்க.”

கொட்டாஞ்சேனை வீட்டுக்காரி புளோறன்ஸ் செபமாலையும் கையுமாக அறை வாசலை அடைத்து நின்றாள். சிவபாதசுந்தரம் மாஸ்டர் கொப்பியும் கையுமாகத் திகைத்து நின்றார். நாளைக்கு ரியூட்டரியில் நடத்த வேண்டிய இலக்கணப் பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தது வினையாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு அறை கொடுக்கக் கொழும்பே யோசித்த காலம் அது. இதை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமில்லை.

“அக்கா, அது இலக்கணம். வினை எண்டால் செயல். ஒருத்தர் தானே செய்தால் செய்வினை.”

“அதத்தானே நானும் சொல்றேன். நீங்களேதான் செய்யிறீங்க.”

“ஐயோ, செயப்பாட்டுவினை எண்டும் ஒண்டிருக்கு...”

“ரெண்டும் செய்வீங்களா?”

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். சொல்லின் வேரைக் காட்டினால் பயம் தெளியும் என்று நினைத்தார்.

“உதெல்லாம் சும்மா சொல்லுகள், அக்கா. சூனியம் எண்டால் ஒண்டுமில்லாத வெறுமை. ஆவி எண்டால் உங்கட கேத்தலுக்கால வருகுதே, அதுதான்.”

“என்ட கேத்தலுக்குள்ளயுமா?”

புளோறன்ஸ் குசினிக்கு ஓடினாள். கொதிக்கிற கேத்தலைத் தூக்கிக்கொண்டு போய் ஒழுங்கையில் கவிழ்த்தாள். அதற்கு மேல் ஊருக்குச் சொல்ல வேறு ஆள் தேவைப்படவில்லை.

மாலையில் பக்கத்து வீட்டு றஞ்சிதம் ஏழு தேசிக்காயோடு வந்தாள்.

“மாஸ்டர், என்ட நாத்தனாருக்கு ஒண்டு செஞ்சி தாங்க. பெருசா வேணாம். வாய் மட்டும் கட்டினாப் போதும்.”

அவளை அனுப்புவதற்குள் இன்னும் மூன்று பேர் வந்துவிட்டார்கள். மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு மட்டையில் கொட்டை எழுத்தில் ‘இங்கு செய்வினை செய்யப்படுவதில்லை’ என்று எழுதிக் கேற்றில் கட்டினார். வாக்கியம் பிழையில்லாத செயப்பாட்டுவினை என்பது மட்டும் சின்ன ஆறுதல்.

மறுநாள் கூட்டம் இரட்டித்தது.

“செய்யிறதில்லையா? அப்ப எடுக்கிறது மட்டுந்தானா, மாஸ்டர்?”

ஞாயிற்றுக்கிழமை அலுப்பில் அயர்ந்து தூங்கி, வெயிலேறித்தான் எழும்பினார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கேற்றடிக்கு வந்தவர், போகிற போக்கில் அந்த மட்டையையாவது கிழித்தெறியக் கையை ஓங்கினார். அடுத்த அறை ஸ்ரீஸ்கந்தராசா பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“தொடாதேங்கோ, மாஸ்டர்! விடியக்காலமை ஒழுங்கையில ஒரு வீடு விடாமல் தமிழ்ப் பெடியளை அள்ளிக்கொண்டு போன பொலிஸ், உதில என்ன எழுதியிருக்கெண்டு றஞ்சிதக்காவைக் கேட்டது. அவ சிங்களத்தில ‘ஹூனியம் மாத்தயா’, சூனியம் ஐயா எண்டாவோ இல்லையோ, கேற்றைக் கும்பிட்டுப்போட்டு உள்ளுக்கு வராமலே போயிட்டாங்கள்!”