காலி செய்ய விடமாட்டோம்!

பீரோவின் ஒரு பாதி வண்டியில் இருந்தது. மறு பாதி ப்ளம்பரின் தோளில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் முப்பது பேர் வந்து வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

“எதுக்குங்க உட்காருறீங்க? வண்டி கிளம்பணும்.”

“கிளம்பாதுண்ணே. உங்களை யாரும் இந்த வீட்டைவிட்டுத் துரத்த முடியாது!” என்றாள் கண்ணாடி போட்ட கல்லூரிப் பெண். அவள் நீட்டிய செல்போனில், அவருடைய கட்டிலும் சட்டிபானைகளும் தெருவில் கிடக்கும் படம். கீழே #துரத்தாதே என்று ஒரு ஹேஷ்டேக். பக்கத்து ஊரிலிருந்து இன்னும் ஐம்பது பேர் பஸ் ஏறிவிட்டார்களாம்.

ப்ளம்பருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்பது வருடம் ஒரே அறையில் நாலு பேர் முட்டிமோதிய பிறகு, மகள் படிக்கத் தனி அறையோடு இப்போதுதான் ஒரு வீடு அமைந்திருக்கிறது. நாலு மணிக்குள் சாவி வாங்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

“யாரும் துரத்தலம்மா. நானேதான் போறேன்.”

அந்தப் பெண் கேமரா பக்கம் திரும்பினாள். “பாத்தீங்களா நண்பர்களே, மனுஷனை எப்படி மிரட்டி வச்சிருக்காங்கன்னு!”

“வீட்டுக்காரரையே வந்து சொல்லச் சொல்லுங்களேன்” என்று ப்ளம்பரின் மனைவி காதில் ஓதினாள். நல்ல யோசனைதான். ஆனால் நல்ல யோசனைகளுக்கு அன்று நேரம் சரியில்லை.

மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர், கூட்டத்தைப் பார்த்ததும் கைகூப்பினார். கண் கலங்கியது. “தப்புதாங்க. மன்னிச்சிடுங்க. தம்பி இனிமே ஆயுசு பூரா இங்கேயே இருக்கலாம்!”

“ஐயோ, நீங்க எப்ப சார் என்னைப் போகச் சொன்னீங்க?”

“பாருங்க, என்னைக் காட்டிக்கொடுக்கக்கூட மனசு வராத தங்கமான மனுஷன்!”

“வெற்றி! வெற்றி!” என்று கூட்டம் எழுந்தது. கட்டில், தையல் மெஷின், அடுப்பு எல்லாம் கைமாறி வீட்டை நோக்கித் திரும்பி வந்தன. வேறு வழி தெரியாமல் ப்ளம்பர் வாசலுக்குக் குறுக்கே படுத்துவிட்டார்.

“என்னைத் தாண்டி ஒரு கரண்டிகூட உள்ள போகக் கூடாது!”

உடனே படம் எடுத்தார்கள். ‘உயிரே போனாலும் வாசலை விட்டு நகரமாட்டார்’ என்று எழுதி அனுப்பினார்கள். பத்தே நிமிடத்தில் போன் அடித்தது. புது வீட்டுக்கார அம்மா.

“படம் பாத்தேங்க. இன்னைக்கு அவர் வாசல்ல படுத்தீங்க, நாளைக்கு என் வாசல்ல படுப்பீங்க. நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

ப்ளம்பருக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு போனதைவிட, மகளிடம் என்ன சொல்வது என்பதுதான் வலித்தது. ஆனந்தக் கண்ணீர் என்று அதையும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சாமான் விடாமல் உள்ளே வைத்துவிட்டுக் கூட்டம் கலைந்தது. வீட்டுக்காரர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, ப்ளம்பரின் முதுகைத் தடவிக்கொடுத்தார். “யாரு இதைக் கிளப்பிவிட்டாங்கன்னே தெரியலயே தம்பி.”

மாடி ஜன்னலில் அவர் மனைவி தலையை நீட்டினாள்.

“ஏங்க, காலையில நீங்க போட்ட படத்தை லட்சம் பேர் பாத்துட்டாங்களாம்! தம்பி போகலல்ல? அப்படியே மேல கூட்டிட்டு வாங்க, பாத்ரூம் குழாய் மறுபடியும் ஒழுகுது!”