என் ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல யாரு பேரு முதல்ல?

ஒரு அசைன்மென்ட் சப்மிட் பண்ணணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. அவ்வளவுதாங்க வேலை.

கட்டுரை எழுதி முடிச்சாச்சு. கடைசிப் பக்கத்துல ரெஃபரன்ஸ் லிஸ்ட் மட்டும் பாக்கி. எந்த விஷயத்தை எங்க இருந்து எடுத்தோம்னு வரிசையா எழுதற பக்கம். அரை மணி நேர வேலைன்னு நெனச்சு, புதன்கிழமை காலையில டீயைப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு அறிமுகம். நான் வித்யா. திருச்சியில பி.இ. முடிச்சு, கல்யாணம் பண்ணி, மெல்பர்ன் வந்து, அங்க டார்னெய்ட்ங்கற ஏரியாவுல வீடு கட்டி, முப்பத்தாறு வயசுல, நம்ம ஊரு எல்.கே.ஜி. மாதிரி இருக்கற கிண்டருக்கு டீச்சராகப் படிச்சிட்டு இருக்கேன். இந்த அசைன்மென்ட் பாஸ் ஆனாத்தான் பக்கத்து வெரிபீல ஒரு கிண்டர்ல பிளேஸ்மென்ட், அதாவது டீச்சர் பயிற்சி. அதை ஒழுங்கா முடிச்சா அங்கயே வேலைன்னு அந்த டைரக்டரம்மா வாயாலயே சொல்லிட்டாங்க. ஃபெயில்னா ஆறு மாசம் வீட்டுல உக்காரணும், அதுக்குள்ள அந்த வேலை வேற யாருக்காவது போயிடும்.

இப்ப என் தகுதியையும் சொல்லிடறேன். எங்க காலேஜ்லயும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கடைசில இப்படி ஒரு பக்கம் உண்டு. சீனியர் ரிப்போர்ட்டைப் பாத்து அப்படியே எழுதுவோம். அந்த சீனியர் அவரோட சீனியரைப் பாத்து எழுதியிருப்பாரு. அந்தப் புத்தகங்களைக் கண்ணால பாத்த மனுஷன் ஒருத்தராவது உண்டான்னு யாருக்கும் தெரியாது. அந்தப் பரம்பரைங்க நான்!

இங்க வந்து எழுதின முதல் அசைன்மென்ட்லயே வாங்கிக் கட்டிக்கிட்டேன். எங்க லெக்சரர் பேரு மார்கரெட். ஆறு மாசக் குழந்தைக்கு ராகிக் கஞ்சி குடுப்பாங்கன்னு எழுதியிருந்தேன். பக்கத்துலயே சிவப்பு எழுத்துல, "இதை யார் சொன்னது?"

யாரு சொல்லணும்? ஊருக்கே தெரியுமேம்மா!

பக்கத்துக்குப் பக்கம் அதே கேள்வி. கடைசில ஒரு குறிப்பு வேற. அடுத்தவங்க கருத்தைப் பேரு சொல்லாம எடுக்கறது திருட்டுக்குச் சமம்னு.

திருட்டாம்! சுருக்குன்னு தைச்சிடுச்சுங்க.

என் வீட்டுக்காரர் செந்தில் ஐ.டி.ல டெஸ்டரா இருக்காரு. அடுத்தவங்க தப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் தொழில். அவரு ஒரு யோசனை சொன்னாரு.

"யாரு என்ன சொல்லியிருந்தாலும் பேரைப் போட்டுடு. கூடுதலாப் போட்டா யாரு கேக்கப் போறா?"

இந்த மனுஷன் பேச்சைக் கேட்டதுதான் முதல் தப்பு.

கட்டுரைத் தலைப்பு, வேற நாட்டுல இருந்து வந்த குடும்பங்கள்ல குழந்தைங்க எப்படிச் சாப்பிடறாங்கங்கறது. பாதி விஷயம் புத்தகத்துல எடுத்தேன். மீதிப் பாதி சனிக்கிழமை தமிழ் வகுப்பு வாசல்ல, பிள்ளைங்களை விட்டுட்டு நிக்கிற அம்மாக்கள்கிட்ட கேட்டது. பேரைப் போடறதுக்கு முன்னாடி அனுமதி கேக்கணும்னு கோர்ஸ் புத்தகத்துல இருந்துச்சு. சரின்னு எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே ஒரு வரி போட்டேன்.

"என் யூனிவர்சிட்டி கட்டுரையில உங்க பேரைப் போடலாமா?"

டீ ஆறறதுக்குள்ள போன் அடிச்சுது.

முதல் போன் ராசமலர் அன்ரி. யாழ்ப்பாணக்காரங்க. முப்பது வருஷமா மெல்பர்ன். தமிழ் வகுப்பை நடத்தறதே அவங்கதான்.

"பிள்ளை, பேர் போடுறீராம். நல்ல விஷயம். இவரின்ர பேரையும் போடும்."

"அங்கிள் எதுவுமே சொல்லலையே அன்ரி?"

"அவர் ஒண்டும் சொல்லாதபடியாத்தான் நான் அவ்வளவும் சொன்னனான். போடும்."

மறுக்க முடியுமா? போட்டேன்.

அடுத்தது பிரேமலதா மேடம். கோயம்புத்தூர்ல காலேஜ்ல ஃபிசிக்ஸ் எடுத்தவங்க.

"வித்யா, பேருக்குப் பின்னாடி எம்.எஸ்ஸி., எம்.ஃபில். போட மறந்துடாத கண்ணு."

"மேடம், இங்க டிகிரி எல்லாம் போட மாட்டாங்களாம்."

"அப்ப நான் படிச்சதுக்கு என்ன அர்த்தம்?"

என் பி.இ.க்கே என்ன அர்த்தம்னு தெரியாம நான் கிண்டருக்குப் படிச்சிட்டு இருக்கேன். அவங்களுக்கு என்னத்தைச் சொல்றது? போட்டேன்.

அப்புறம் வரிசையா வந்தாங்க. "அன்னைக்கு நானும் பக்கத்துலதான நின்னேன்?" நின்னீங்க தாயி, போனைப் பாத்துக்கிட்டு நின்னீங்க. "எம் பையன் சாப்பிட மாட்டேங்கிறான்னு சொன்னேனே, அவன் பேரும் வருமா?" வரும். எல்லாம் வரும்.

சாயங்காலம் திருச்சியில இருந்து மாமியார். செந்தில் வாய் சும்மா இருக்குமா, உளறிட்டாரு.

"ஊருல இருக்கறவங்க பேரெல்லாம் போடறியாமே. எம் பேரு மட்டும் கசக்குதோ?"

"அது குழந்தைங்க சாப்பாட்டைப் பத்தின கட்டுரை அத்தை."

"ஏன், எம் பையன் குழந்தையா இருந்தப்ப சாப்பிடாமயா வளந்தான்?"

லா பாயிண்ட்! சகுந்தலான்னு அவங்க பேரையும் சேத்தேன்.

இதோட விட்டிருந்தா நான் பொழைச்சிருப்பேன். ரூல் என்ன சொல்லுது? லிஸ்ட் இங்கிலீஷ் அகர வரிசையில இருக்கணும், குடும்பப் பேரு முதல்ல வரணும். நமக்கு ஏது குடும்பப் பேரு? புருஷன் பேரைத் தூக்கி முன்னாடி போட்டு, அழகா அடுக்கி, எழுத்துப்பிழை இல்லாம இருக்கான்னு பாக்கச் சொல்லி அதைப் போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன். போட்ட கையை ஒடிக்கணும்.

"வித்யா, என்னையக் கடைசில தள்ளிட்ட போல?" பிரேமலதா மேடம். அவங்க வீட்டுக்காரர் பேரு விஸ்வநாதன்.

"அது அகர வரிசை மேடம்."

"மரியாதைக்கு ஒரு வரிசை இருக்குதல்ல?"

அதுக்குள்ள அன்ரி. "வகுப்பு நடத்துறது நான். நேற்று வந்து சேர்ந்த அனிதா எனக்கு மேலயோ?"

"அவங்க வீட்டுக்காரர் பேரு அருண், அன்ரி. ஏ-ல ஆரம்பிக்குது."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சுது. இவங்க யாரும் இதை ரெஃபரன்ஸ் லிஸ்ட்டாவே பாக்கல. கல்யாணப் பத்திரிகையா பாக்கறாங்க! என் கல்யாணப் பத்திரிகையில சித்தப்பா பேரு ஒரு வரி கீழ போயிடுச்சுன்னு மனுஷன் பந்தியில கூட உக்காராமப் போனாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டோட பேச்சுவார்த்தை கிடையாது. பத்திரிகை விஷயத்துல எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்ல.

உக்காந்து மாத்துனேன். மாமியார் உச்சியில. அடுத்த வரியில அன்ரியும் அங்கிளும் ஜோடியா. அப்புறம் டிகிரியோட பிரேமலதா மேடம். வயசுப்படி மத்தவங்க. மொத்தம் பதினேழு பேரு. நிஜமாவே புத்தகம் எழுதின புரொபசருங்க எல்லாம் கீழ. அவங்க எங்க சண்டைக்கு வரப் போறாங்க?

"ரூல்படி இல்லையேடி" அப்படின்னாரு செந்தில்.

"ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை எவன் படிக்கிறான்?" அப்படின்னேன் நான். நம்ம அனுபவம் அப்படி!

வெள்ளிக்கிழமை நாலு அம்பத்திரண்டுக்கு சப்மிட் பண்ணிட்டு, நிம்மதியாத் தூங்குனேன்.

செவ்வாய்க்கிழமை ஈமெயில் வந்துச்சு. மார்கரெட் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டைத்தான் முதல்ல படிப்பாங்களாம்.

"உங்கள் பட்டியலில் முதல் பதினேழு பேரின் நூலோ கட்டுரையோ எங்கும் கிடைக்கவில்லை. ஏ.ஐ. கற்பனையாக உருவாக்கிய பெயர்களோ என்று சந்தேகிக்கிறோம். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு விளக்கம் தர வரவும். அதுவரை பிளேஸ்மென்ட் நிறுத்தி வைக்கப்படுகிறது."

பேரு போடலைன்னா திருடிங்கறாங்க. போட்டா இல்லாத ஆளை உருவாக்கிட்டேங்கறாங்க. திங்கட்கிழமை பிளேஸ்மென்ட்டுக்குன்னு புது ஷூ வேற வாங்கி வெச்சிருந்தேன். அதைப் பாத்துப் பாத்து அழுதேன், நெசமாவே.

செந்தில் ஆறுதல் சொன்னாரு. "அவங்க உன்னைய சந்தேகப்படல வித்யா. ராசமலர் அன்ரி உலகத்துல இருக்காங்களாங்கறதைத்தான் சந்தேகப்படறாங்க."

வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு விசாரணைன்னு சொல்லி குரூப்ல கெஞ்சினேன். நீங்கதான் சொன்னீங்கன்னு ஆளுக்கு ஒரு வரி ஈமெயில் அனுப்புங்க, இல்லைன்னா என் படிப்பு போச்சு. வரிசையா கட்டைவிரல் வந்துச்சு. ஒரு ஈமெயில் வரல. அன்ரி மட்டும் எழுதியிருந்தாங்க, "யோசியாதேயும். நாங்கள் இருக்கிறம்."

இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் அன்ரி. அவங்களுக்கில்ல தெரியணும்?

வியாழக்கிழமை. மார்கரெட் ரூம் வாசல்ல உக்காந்திருக்கேன். லிஃப்ட் திறந்துச்சு.

பட்டுப்புடவை. பின்னாடி இன்னொரு பட்டுப்புடவை. மூணு, நாலு, அஞ்சு... கோட்டு சூட்டோட அங்கிள். டார்னெய்ட்ல இருந்து மூணு கார்ல பதினோரு பேரு! பாதிப் பேரு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. ஈமெயில் அனுப்பச் சொன்னா இப்படியான்னு கத்தணும்னுதான் எழுந்தேன். அன்ரி வந்து கையைப் பிடிச்சாங்க பாருங்க, கத்த வந்ததையே மறந்துட்டேன்.

"இல்லாத ஆக்கள் எண்டு சொல்லிச்சினமோ? இப்ப பாக்கட்டும்."

கதவைத் திறந்த மார்கரெட் அப்படியே நின்னுட்டாங்க. "இவங்க எல்லாம் யாரு?"

"என்னோட ரெஃபரன்ஸ் லிஸ்ட்" அப்படின்னேன்.

ரூம்ல ரெண்டே நாற்காலி. அன்ரி ஒண்ணுல உக்காந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேசையில வெச்சாங்க. பிரேமலதா மேடம் லேமினேட் பண்ணின எம்.ஃபில். சர்டிபிகேட்டை அதுக்கு மேல வெச்சாங்க. செந்தில் ஆஃபீஸ்ல இருந்தே வீடியோ கால்ல மாமியாரைக் கூப்பிட்டு என் போனுக்கு இணைச்சுட்டாரு. "இவதான் டீச்சரா? எம் பேரு முதல்ல இருக்கான்னு கேளு!" அப்படிங்கறாங்க. யாரோ ஒரு எவர்சில்வர் டப்பாவைத் திறந்து மார்கரெட் கையில கொழுக்கட்டையைத் திணிச்சுட்டாங்க.

மார்கரெட் பாவம், விசாரணையை ஒழுங்கா நடத்தப் பாத்தாங்க. அங்கிளைப் பாத்து, "நீங்க வித்யாகிட்ட என்ன சொன்னீங்க?"

நான் அங்கிள் குரலைக் கேட்டது அன்னைக்குத்தான்.

"நத்திங்."

அன்ரி முழங்கையால ஒரு இடி இடிச்சாங்க.

மார்கரெட் சிரிச்சுட்டாங்க. அடக்கிப் பாத்தாங்க, முடியல. "சரி வித்யா. எல்லாரும் நிஜமா இருக்காங்க. நீ பொய் சொல்லல, நம்பறேன்."

போன உயிர் திரும்பி வந்துச்சு எனக்கு. ஆனா அவங்க நிறுத்தலையே!

"நேர்ல பேசிக் கேட்ட விஷயத்துக்கு ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல இடமே கிடையாது. கட்டுரைக்குள்ள, அவங்க சொன்னது வர்ற இடத்துல, பிராக்கெட்டுக்குள்ள பேரும் தேதியும் போட்டாப் போதும். நிஜமா ஏதாவது சொன்னவங்களுக்கு மட்டும். இந்தப் பதினேழு பேரையும் எடுத்துட்டு நாளைக்குக் குடுத்துடு. திங்கட்கிழமை நீ பிளேஸ்மென்ட்டுக்குப் போகலாம்."

நான் தப்பிச்ச சந்தோஷத்தைக் காட்டறதா, முகத்தைத் தொங்கப் போடறதான்னு தெரியாம முழிக்கிறேன்.

"எடுக்கிறதோ?" அன்ரி எழும்பிட்டாங்க. "சாறி உடுத்து, இவ்வளவு தூரம் வந்தது பேரை எடுப்பிக்கிறதுக்கோ?"

"அந்த பிராக்கெட்டுக்குள்ள எம்.ஃபில். வருங்களா?" மேடம் இங்கிலீஷ்ல மார்கரெட்டைக் கேட்டாங்க.

"வராது."

மேடம் சர்டிபிகேட்டை உருவிக்கிட்டாங்க. அன்ரி, மார்கரெட் கையில இருந்த பாதிக் கொழுக்கட்டையை மட்டும் விட்டுட்டு, டப்பாவை மூடி எடுத்துக்கிட்டாங்க. பதினோரு பேரும் வரிசையா வெளிய போனாங்க. சீனியாரிட்டிப்படி.

பேரை எடுத்தேன். பாஸ் ஆனேன். திங்கட்கிழமை புது ஷூ போட்டுக்கிட்டு பிளேஸ்மென்ட்டுக்கும் போயிட்டேன். பிராக்கெட்டுக்குள்ள கடைசில தேறினது நாலே பேரு. மீதிப் பதிமூணு பேரும் என்கூடப் பேசறதில்ல. அந்த நாலு பேரும் பேசறதில்ல, பிராக்கெட்டுக்குள்ள போட்டுட்டேனாம். மாமியார் ரெண்டு வாரமா போன் பண்ணல. அதுக்காக நான் வருத்தப்படறேன்னு யாராவது சொன்னா, அதை யார் சொன்னதுன்னு கேளுங்க.

படிக்கிற பிள்ளைங்களுக்கு அக்காவோட ஒரே அட்வைஸ்: மேற்கோள் காட்டணும்னா காலமானவங்களாப் பாத்துக் காட்டுங்க, அவங்க போன் பண்ண மாட்டாங்க.