காருக்குப் போட்ட ஊசி

என் காரை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்று நான் சபதம் எடுத்தபோது, ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் கொட்டுகிற மழையில் என் மனைவி ரூபினி பட்டுப்புடவையோடு அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். யாராவது பிடித்துத்தானே ஆக வேண்டும்.

ஜோகுபாளையத்து வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"இனிமே அந்த வண்டி மேல ஒரு ஸ்பேனர் படக்கூடாது. இன்னொரு தடவை நின்னுச்சுன்னா காயலான் கடைதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

என் கார் எங்கள் கல்யாணத்துக்கு மூத்தது. கார்புரேட்டர் வண்டி. சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, அதன் மனசறிந்து சாவியைத் திருப்ப வேண்டும். ரூபினியிடமும் லைசென்ஸ் உண்டு. "இது உன் கைக்கு வராது" என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்யில்லை. சில நாள் என் கைக்கே வராது.

பொம்மனஹள்ளி மெக்கானிக் நாகேஷ் ஒரு வழி சொன்னார். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டர் வைக்கலாம். ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலை அளந்து தெளிக்கும். மழையோ குளிரோ, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்.

"வீட்ல தெரியக்கூடாது நாகேஷ்."

"டென்ஷன் மாட்கோபேடி சார்," என்று கன்னடத்தில் தைரியம் சொன்னார்.

வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

"கார் எங்கங்க?"

"ஃப்ரெண்டு ஒருத்தர் குறும்படம் எடுக்கறார். பழைய கார் வேணும்னு கேட்டார்."

"நிக்கற மாதிரி சீனா?"

நல்லவேளை, அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் நாகேஷ் போன் செய்த நேரம் பார்த்து அறைக்குள் வந்தாள். நான் அப்போதுதான், "இன்ஜெக்ஷன் முடிஞ்சுதா? அப்புறம் நிக்காம ஓடும்ல?" என்று கேட்டிருந்தேன்.

"யாருக்குங்க இன்ஜெக்ஷன்?"

வாய் முந்திக்கொண்டது. "எனக்குத்தான். முழங்கால் வலி."

"எந்தக் கால்?"

"இடது."

அன்றிலிருந்து நொண்டினேன். ரூபினி என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். முதலில் காபியை நிறுத்தினாள். "ஊசி போடறப்ப சூடு ஆகாதுங்க." அப்புறம் உருளைக்கிழங்கு போயிற்று. வேளாவேளைக்கு உப்பில்லாத ராகிக் கஞ்சி வந்தது. அடுக்களையில் வடை வாசனை வரும், வடை வராது. அவசரத்தில் கால் மாற்றி நொண்டினால், "அந்தக் கால் இல்லீங்க," என்று திருத்துவாள்.

வண்டி திரும்பி வந்த பிறகு என் கவலை இரட்டித்தது. சாவி போட்டால் புது பெட்ரோல் பம்ப் "ஙொய்" என்றது. ரூபினி பக்கத்தில் இருந்தால் சத்தம் தெரியாமல் இருக்க இருமினேன். சோக் குமிழை மட்டும் கழற்ற வேண்டாம் என்று நாகேஷிடம் கெஞ்சியிருந்தேன். எதோடும் சேராத அந்தக் குமிழைத் தினமும் பக்தியோடு இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் அவள் தங்கை தாரணி வீட்டுப் பால் காய்ச்சு. நான் நொண்டிக்கொண்டே டிரைவர் பக்கம் போனேன். ரூபினி அங்கே கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாவி."

"எதுக்கு?"

"ஊசி போட்ட கால்ல கிளட்ச் மிதிக்கலாமா?"

"இப்ப பரவால்ல ரூபினி."

"நேத்து மாடி ஏற முடியலன்னீங்க. அது பொய்யா?"

பொய் என்றால் காருக்குப் போட்ட ஊசி வெளியே வரும். நிஜம் என்றால் சாவி போகும். சாவியைக் கொடுத்தேன்.

ஒரே திருப்பு. வண்டி கிளம்பியது. மல்லேஸ்வரம் நெரிசலில் இன்ஜின் அசரவில்லை. எனக்குத்தான் வேர்த்துக் கொட்டியது.

"சோக்கை இழுக்கவே இல்லையே நீ," என்று உளறிவிட்டேன்.

"அது எங்கயும் மாட்டலையேங்க," என்றாள், ரோட்டைப் பார்த்தபடியே. "நாகேஷ்கிட்ட இன்ஜெக்டர் வெக்கலாமான்னு மொதல்ல கேட்டதே நான்தான். உங்ககிட்ட பேசச் சொன்னதும் நான்தான்."

"ஸ்பேனரே படக்கூடாதுன்னியே?"

"செய்யுங்கன்னா நீங்க செஞ்சிருப்பீங்களா?"

யோசித்தேன். செய்திருக்க மாட்டேன்.

"அப்ப என் கால்?"

"மொத நாளே தெரியும்."

"அப்புறம் எதுக்கு அந்தக் கஞ்சி?"

"சுகரும் பிரஷரும் எல்லைக்கு வந்துடுச்சுன்னு டாக்டர் தலையால அடிச்சுக்கிட்டாரு. நான் சொன்னப்பல்லாம் கேட்டீங்களா?"

தாரணி வீட்டில் எல்லாரும் பாயசம் குடித்தார்கள். நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை ரூபினி என்னை அல்சூர் மெட்ரோ வாசலில் இறக்கிவிட்டாள். அவள் ஆபீசுக்குக் கார் போகிறது. என் ஆபீசுக்கு ரயில். வண்டி என் கைக்கு எப்போது திரும்பும் என்று ஒரு வார்த்தையாவது கேட்டுவிட வேண்டும் என்று குனிந்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"கதவ மெதுவா சாத்துங்க. பழைய வண்டி."