நெவில் காவல் காத்த கேரவன்

உயிரே போனாலும் கேரவனை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நெவில் ட்ரஸ்காட் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டே சபதம் எடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மனைவி டோரீன் அன்றைக்கே ஒரு வழி பண்ணியிருப்பாள்.

தெற்கு ஆஸ்திரேலியத் துறைமுக ஊரான வாலரூவில் அந்தக் கேரவனைத் தெரியாதவர்கள் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சக்கர வீடு அது. பதினாலு வருஷமாக வீட்டுப் பக்கவாட்டில், தகரவேலியை ஒட்டி, நீலக்கோடு போட்டு நிற்கிறது. "ரிட்டயர் ஆனதும் நாம ரெண்டு பேரும் இதுலயே நாட்டைச் சுத்தி வரப்போறோம், டோரி" என்று சொல்லித்தான் வாங்கிவந்தார். தானியக் கிடங்கு வேலையிலிருந்து அவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஆறு வருஷத்தில் வண்டி நகர்ந்தது ஒரே ஒரு தடவை, நாலடி தூரம். அதுவும் குழாய் ரிப்பேர்க்காரன் நகர்த்தச் சொன்னதால்.

குளிர்காலம் வந்தால் நெவிலுக்கு ஃபுட்பால் கிளப். அவர் போய் ஸ்கோர் எழுதாவிட்டால் ஊரில் யாருக்கும் கூட்டல் வராது என்பது அவர் நம்பிக்கை. கோடை வந்தால் கடலில் நண்டு பிடிப்பு. "நண்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்பார். ரெண்டுக்கும் நடுவில் நாலு வாரம் கிடைத்தால் டயரில் காற்று இல்லை.

இத்தனைக்கும் டோரீன் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். உள்ளே நாற்பது பிள்ளைகள் ஊளையிட்டுக்கொண்டிருக்க, அந்த பஸ்ஸை ரிவர்ஸிலேயே ஓட்டி சந்துக்குள் நுழைப்பாள். "நான் ஓட்டுறேன் நெவில், நீ சும்மா பக்கத்துல உக்காந்து வா" என்று அவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "கேரவன் இழுக்கிறது வேற சமாச்சாரம், டோரி. அதுக்குத் தனிக் கை வேணும்" என்பார். அந்தத் தனிக் கையை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். நல்லார்பர் பாலைவனத்தைத் தாண்டி, எஸ்பரன்ஸில் இருக்கும் அக்கா கிளெனிஸைப் பார்க்கவேண்டும். பார்த்து ஒன்பது வருஷமாகிறது.

சபதத்துக்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம், டோரீன் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நெவில், அந்த வண்டி இந்த வருஷம் கேட்டைத் தாண்டியே ஆகணும். சொல்லிட்டேன்."

விற்கப்போகிறாள் என்று நெவில் முடிவுகட்டினார். வேறு எப்படியும் அதற்கு அர்த்தம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இந்த நேரம் பார்த்து மவுண்ட் காம்பியரில் தம்பி லிண்ட்ஸேக்கு இடுப்பு ஆபரேஷன். பெண்டாட்டி இல்லாதவன். மூன்று வாரம் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நெவில் அந்தப் பக்கம் பஸ் ஏறினதும் இந்தப் பக்கம் வண்டி போய்விடும். அதனால்தான் சபதம். சபதத்துக்குத் துணையாக ஒரு கேமரா.

"எதுக்கு இது?" என்றாள் டோரீன்.

"ஊர்ல திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு."

"வாலரூவுலயா? போன வருஷம் பின்வீட்டு ஆமை காணாமப் போச்சு. அதுவும் தானா நடந்து வந்துடுச்சு."

"எச்சரிக்கையா இருக்கிறது தப்பா?"

தப்பில்லை என்று டோரீன் அவர் ஏறின ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நெவில் கேமராவைக் கேரவன்மேல் நெருக்கமாகத் திருப்பிவைத்தார். திரையில் நீலக்கோடு தெரிந்தது, கதவு தெரிந்தது, சக்கரம் தெரிந்தது, பின்னால் ஒரு சாண் தகரவேலி. கேரவனைத் தவிர வேறு எந்தக் கழுதையும் தெரியக்கூடாது என்று அவரே பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடிப்பிடித்து கேமராவின் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நூற்றுத் தொண்ணூற்று இரண்டில் ஆரம்பித்து ஏழில் முடிகிற நம்பர். வெளியூரிலிருந்து தெரிகிறதா என்று சோதிக்க மூன்று தெரு தள்ளி மெர்வ் வீட்டுக்குப் போனார். மெர்வ் ரிட்டயரான டெலிபோன் லைன்மேன். கம்பத்து உச்சியிலிருந்து முப்பது வருஷம் கத்திக் கத்திப் பேசியதால், தரையில் நின்றாலும் அதே குரல்தான்.

நெவில் மெர்வின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்து நம்பரைத் தட்டினார். படம் வந்தது. மூன்று கோழிகள்.

"ஐயையோ! என் கேரவன் எங்கய்யா? கோழி நிக்குது!"

நாற்காலி ஒரு பக்கம், நெவில் ஒரு பக்கம். அறுபத்தேழு வயதில் மூன்று தெருவையும் ஒரே மூச்சில் ஓடினார். கேரவன் நின்ற இடத்தில் நின்றது. டோரீன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, நாய் துரத்துதா?"

பதில் சொல்ல மூச்சு வேண்டுமே. அதற்குள் மெர்வ் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"யோவ், அது என் கோழிய்யா! என் கோழிக்கூட்டுக் கேமராவுக்கும் அதே நம்பர்தான்!"

"அது எப்படி? என் நம்பரை உனக்கு யார் குடுத்தா?"

"யாரும் குடுக்கல. அது வீட்டுக்குள்ள மட்டும் செல்லுற நம்பர். உன் வீட்டுலயும் அடுக்களை இருக்கு, என் வீட்டுலயும் அடுக்களை இருக்கு. என் வீட்டுல நின்னுக்கிட்டு அடுக்களைக்குப் போறேன்னா என் அடுக்களைக்குத்தான் போவே. தெருவுல இருந்து உன் வீட்டைக் கண்டுபிடிக்க வேற நம்பர் இருக்கு. வெளி அட்ரஸ்."

"அது என் கம்ப்யூட்டர்ல எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல. அது உன் ரவுட்டரோட அட்ரஸ். உன் கம்ப்யூட்டர் ரவுட்டருக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்குது, அதுக்கே அது தெரியாது."

"அப்ப யாரைத்தான்யா கேக்கிறது?"

"வெளிய இருக்கிறவனைக் கேக்கணும். உன் மூஞ்சி உனக்குத் தெரியுதா? எதிர்ல நிக்கிறவன்தான் சொல்லணும். அதுக்குன்னே இன்டர்நெட்ல ஒரு பக்கம் இருக்கு. திறந்தா, நீ இந்த அட்ரஸ்ல இருந்து வந்திருக்கேன்னு அதுவே சொல்லும். எந்த ஊருன்னுகூடச் சொல்லும். வேற அட்ரஸைப் போட்டுப் பாத்தாலும் அதோட ஊரைச் சொல்லும்."

இது அத்தனையும் கம்பத்துக் குரலில். நெவில் உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் தேட ஆரம்பித்தார். டோரீன் துணிக்கிளிப்புகளோடு பின்னாலேயே வந்தாள்.

"தள்ளு நெவில். உன் விரல் ஒரே நேரத்துல மூணு எழுத்தை அமுக்குது."

அவளே தட்டினாள். இருநூற்று மூன்று, பூஜ்யம், நூற்றுப் பதிமூன்று, நாற்பத்தெட்டு என்று நாலு எண்கள் வந்தன. கீழே பொடி எழுத்தில் வாலரூ, தெற்கு ஆஸ்திரேலியா. அந்த நம்பரில் வந்து யார் கதவைத் தட்டினாலும் ஏழாம் நம்பர் கேமராவிடம் அனுப்பு என்று மெர்வ் ரவுட்டருக்கு உத்தரவு போட்டுக் கொடுத்தார்.

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. ரவுட்டரை அணைச்சுப் போட்டா இந்த நம்பர் மாறினாலும் மாறிடும்."

"அப்படியா மெர்வ்?" என்றாள் டோரீன்.

"ஆமா டோரீன்."

"ஓஹோ."

நெவில் அந்த ஓஹோவைக் கவனிக்கவில்லை. கல்யாணமான முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் கவனிக்காமல் விட்ட ஓஹோக்களை எண்ணினால் ஒரு நோட்டுப் புத்தகம் பத்தாது. "மாறிட்டா நானே பாத்து உனக்கு போன்ல சொல்றேன், கவலைப்படாம போயிட்டு வா" என்று அவள் சொன்னபோது அவருக்கு மனசு இளகிப்போயிற்று. இவளையா சந்தேகப்பட்டோம் என்று நினைத்தார். ஆனாலும் கேமராவைக் கழற்றவில்லை.

மவுண்ட் காம்பியரில் முதல் மூன்று நாள் சொர்க்கம். லிண்ட்ஸேயின் கம்ப்யூட்டரில் கேரவனைப் பார்ப்பார்: காலையில் டீயோடு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, இருட்டுவதற்கு முன் ஒரு தடவை. வண்டி நின்றது. "உன் வண்டி எங்கயும் ஓடிடாது, எனக்கு அந்தத் தலையணையை எடு" என்று லிண்ட்ஸே படுக்கையிலிருந்து கத்துவான். அப்போதும்கூட நெவில் வீட்டைப் பற்றி எதையும் விசாரிக்கவில்லை. டோரீன் சாப்பிட்டாளா, தனியாக இருக்கிறாளே என்றெல்லாம் ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. இதை நினைத்து நினைத்துப் பின்னால் அவர் வருத்தப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல.

நாலாம் நாள் படம் வரவில்லை. அப்போதுதான் போன் போட்டார்.

"டோரி, ஒண்ணும் தெரியலையே!"

"ரவுட்டர் அணைஞ்சிருக்கு, நெவில்."

"கரண்ட் போயிடுச்சா? சரி, வண்டி? வண்டி இருக்கா?"

"எனக்குப் பின்னாலயே இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"அது என்ன சத்தம்?"

"லாரி போகுது."

"கோதுமை லாரியா?"

"பெரிய லாரி, நெவில்."

துறைமுக ஊரில் லாரிக்கா பஞ்சம். நெவில் சமாதானமானார். அடுத்த மூன்று நாள் போனும் சரியாகக் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் அவளே கூப்பிட்டாள். குரலில் ஒரு துள்ளல்.

"எழுதிக்கோ. புது அட்ரஸ்." மெர்வ் சொல்லிக்கொடுத்தபடியே நாலு எண்களையும் பிசகாமல் வாசித்தாள்.

நெவில் தட்டினார். நீலக்கோடு, கதவு, சக்கரம், ஒரு சாண் தகரவேலி. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்த நாட்டில் எந்த ஊரில் தகரவேலி இல்லை என்று யோசிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆசைக்கு அந்த நம்பரை மெர்வ் காட்டின பக்கத்தில் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"டோரி! அந்த மெர்வை நம்பினோமே! நம்ம அட்ரஸ் எஸ்பரன்ஸ்ல இருக்காம்!"

"அப்படியா சொல்லுது?"

"எஸ்பரன்ஸ், மேற்கு ஆஸ்திரேலியா! ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி!"

"நீ என்ன நினைக்கிறே?"

"சுத்தத் தப்புன்னு நினைக்கிறேன்."

"நீ ஒண்ணு நினைச்சுட்டா மாத்தவா முடியும், நெவில்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை. லிண்ட்ஸே ஊன்றுகோலோடு பின்னால் வந்து நின்றான். திரையில் கேரவன் கதவு திறந்தது. டோரீன் இறங்கினாள். பின்னாலேயே மடக்கு நாற்காலி இரண்டைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பெண். ரெண்டு பேரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். டோரீன் எதற்கோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று என்று நெவிலுக்கு ஞாபகம் வரவில்லை.

"அது கிளெனிஸ் இல்ல?" என்றான் லிண்ட்ஸே. "அவ எப்ப வாலரூவுக்கு வந்தா?"

நெவில் போன் போட்டார். திரையில் டோரீன் மடியிலிருந்து போனை எடுத்து, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"டோரி, கிளெனிஸ் நம்ம வீட்டுக்கு வந்திருக்காளா?"

"இல்ல நெவில். நாங்கதான் அவ வீட்டுக்கு வந்திருக்கோம்."

"நாங்கன்னா?"

"நானும் வண்டியும்."

நெவில் திரையில் தெரிந்த தகரவேலியை மறுபடி உற்றுப்பார்த்தார்.

"கேமராவக் கழட்டி எடுத்துட்டு வந்தேன். மெர்வ் போன்ல சொல்லச் சொல்ல கிளெனிஸ் ரவுட்டர்ல எல்லாம் செஞ்சா. உனக்கு ஒரு குறையும் வைக்கலையே? இங்க வந்து சேர்ந்ததுல இருந்து தினம் வண்டியக் காட்டினேனா இல்லையா?"

"பொய் சொல்லிட்டியே டோரி."

"எது பொய்? ஒண்ணு சொல்லு. ரவுட்டர் அணைஞ்சுதான் இருந்துச்சு. வண்டி எனக்குப் பின்னாலதான் வந்துச்சு. ஊரு பேரை நீயே வாய்விட்டுப் படிச்சே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீ எங்க இருக்கே டோரின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் லேசாக உடைந்தது. நெவில் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். என்ன மனுஷன் நான் என்று அவருக்கே வெறுப்பாக இருந்தது. பன்னிரண்டு நாளாக ஒரு தகரப்பெட்டிக்குக் காவல் இருந்திருக்கிறார்.

"நானும் வரட்டுமா?"

"வந்தா ரெண்டே நாள்ல ஃபுட்பால்னு திரும்பிடுவே. நாங்க கடற்கரையோட ஆல்பனிவரைக்கும் போறோம். நீ லிண்ட்ஸேயப் பாத்துக்கோ. முடிஞ்சதும் வீட்டுக்குப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்து."

மூன்று வாரம் முடிந்து நெவில் வாலரூ வந்து சேர்ந்தார். பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகப் பக்கவாட்டுக்குப் போனார். வண்டி நின்ற இடத்தில் புல் வெளுத்துப்போய், பாய் விரித்தாற்போல் நீள்சதுரமாகக் கிடந்தது. ஒரு காலிப் பெட்டியை இழுத்துப்போட்டு அதன் நடுவில் உட்கார்ந்தார். மத்தியான வெயில் இதமாக இருந்தது. அவருக்கு எதுவும் இதமாக இல்லை. ஆறு குளிர்காலம் போயிற்று. ஒரு தடவையாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கலாம். அவளே ஓட்டியிருப்பாள். நல்லார்பரில் நேராகப் போகிற அந்த ரோட்டை ரெண்டு பேருமாகப் பார்த்திருக்கலாம்.

யாரும் இல்லை என்ற தைரியத்தில் நெவில் வாய்விட்டே சொன்னார். "தப்பு என்னோடதுதான் டோரி. உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். மன்னிச்சிடு."

முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒன்று வந்ததே கிடையாது. சொன்னதும் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. நல்லவேளை, யார் காதிலும் விழவில்லை என்று ஒரு நிம்மதியும் கூடவே வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார். போன் அடித்தது.

"நெவில், நேத்துதான் மெர்வ் நம்ம வேலியில ஒரு கேமரா மாட்டிக் குடுத்தாரு. படம் ரொம்பத் தெளிவா வருது, சத்தம்தான் வரல. இப்ப என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தடவை சொல்லு. கிளெனிஸும் கேக்கட்டும்."