அறிக்கை அண்ணையும் நாங்கள் செய்த சிரமதானமும்

உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் கூடி எழுதிய விவசாய அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் வாசித்த மனிதர், அதை எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால்கூட, இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் இருந்தார். பெயரைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. தமிழ்ச் சனத்துக்கு அவர் அறிக்கை அண்ணை.

வன்னியில் விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். சைக்கிளில் வயல் வயலாகத் திரிந்து சனத்துக்கு விதையும் பசளையும் பற்றிச் சொல்லிக் கொடுப்பது அங்கே அவர் வேலை. இங்கே ஸ்வெட்டர் தைக்கிற ஆலையில் துணி வெட்டுகிற மேசையடியில் நின்றார். நின்றது உடம்பு மட்டும்தான். அந்த அறிக்கை வெளிவந்த உடனே நூலகத்துக்குப் போய் முழுவதையும் அச்செடுத்து, சணல் கயிற்றால் கட்டி, கடைக்கு இழுத்துக்கொண்டு போகிற சில்லுப் பையில் போட்டுக்கொண்டார். கோயிலுக்குப் போனாலும் அந்தப் பை வரும். பல்லுப் பிடுங்கப் போனாலும் வரும்.

"தங்கச்சி, இதில என்ன சொல்லியிருக்கினம் தெரியுமோ?" என்று ரயில் நிலையத்தில் வைத்து மறிப்பார்.

"வேலைக்குப் போறன் அண்ணை, நேரம் போட்டுது."

"விளைச்சலைக் கூட்டினா மட்டும் காணாதாம். மண்ணையும் தண்ணியையும் காப்பாத்த வேணுமாம். சின்னத் தோட்டக்காரனுக்கு என்ன தெரியுமெண்டு அவனிட்டையே போய்க் கேளுங்கோ எண்டு எழுதியிருக்கினம். உலகம் முழுக்கச் சுத்திப்போட்டு, கடைசியில எங்கட ஆக்களைக் கேக்கச் சொல்லியிருக்கினம்! இதைத்தானே நான் கிளிநொச்சியில தொண்டை கிழியக் கத்தினனான். ஆர் கேட்டவை?"

நானும் கேட்கவில்லை. ரயில் வந்துவிட்டது என்று ஓடிவிடுவேன். வராத ரயிலுக்கும் ஓடியிருக்கிறேன்.

ஒருமுறை ஒரு சாமத்திய வீட்டில் வாழ்த்துச் சொல்ல ஆள் காணாதென்று அறிவிப்பாளர் தெரியாத்தனமாக அவர் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார். "பிள்ளை பெரியாளாகிட்டா, நல்ல சந்தோசம்" என்று தொடங்கினார் அண்ணை. "ஆனா, பெரிய மனுசர் நாங்கள் எல்லாரும் சேந்து மண்ணுக்கு என்ன செய்து வைச்சிருக்கிறம்?" அதோடு பிள்ளை போய்விட்டது, மண் வந்துவிட்டது. புரியாணி ஆறியது. மேடையில் நகையெல்லாம் போட்டு இருந்த பிள்ளை மாமியின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். யாரோ புண்ணியவான் மைக்கின் வயரைக் கழற்றினார். அண்ணை அது தெரியாமலே இன்னும் ஒரு அத்தியாயம் பேசி முடித்தார்.

வெள்ளிக்கிழமைகளில் சைக்கிளின் இரண்டு பக்கமும் வாளி தொங்க, வீடு வீடாகக் கறிக்கழிவு சேர்க்க வருவார். மணி அடித்தால் என் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, வாளி மாமா!" என்று டெனிஷில் கத்துவாள். வெள்ளிக்கிழமை எல்லா வீட்டிலும் மரக்கறி என்பதால் அன்றைய கழிவுதான் சுத்தமான கழிவு என்பது அவர் கட்சி. அதோடு விட்டாரா? வாளிக்குள் குனிந்து பார்த்து வீட்டு நிலவரம் சொல்லுவார்.

"பாவற்காய் விதை கூடிப்போச்சு. தம்பிக்குச் சீனி வருத்தமோ?"

என் கணவர் இரத்தப் பரிசோதனை முடிவை என்னிடமே சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தார். எனக்குத் தெரிந்தது அந்த வாளியால்தான். அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத ஏலாது.

இந்தக் கழிவெல்லாம் எங்கே போனது என்றால், ஊரின் எல்லையில் இருந்த துண்டுத் தோட்டங்களுக்கு. டெனிஷ்காரர் சங்கம் வைத்து, ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். எனக்கும் அங்கே ஒரு துண்டு இருந்தது. அண்ணை சங்கத்தின் தலைவி கியர்ஸ்டனிடம் போய், "இருக்கிறதிலயே கெட்ட நிலத்தைத் தாருங்கோ" என்று கேட்டாராம். இவருக்கு டெனிஷ் சரியாக விளங்கவில்லையாக்கும் என்று அந்த மனுசி மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டாராம். முந்தி லொறி நிறுத்திய இடம் ஒன்று இருந்தது, கல்லும் எண்ணெயுமாக. அதை வாங்கிக்கொண்டு லொத்தர் விழுந்தவர் மாதிரி வந்தார்.

அதில் நாலு பாத்தி போட்டார். வேலியோரப் பாத்திக்கு ஆலையில் வெட்டி எறிகிற கம்பளித் துண்டுகள். இரண்டாவதுக்கு எங்கள் வாளிக் கழிவு. மூன்றாவதில் தானாக முளைக்கிற புல்லையும் பூண்டையும் வளரவிட்டு, வெட்டி அங்கேயே போடுவார். வாசல் கேற்றடியில் நாலாவது பாத்தி, அதற்கு ஒன்றும் இல்லை. செத்த மண்ணுக்கு எது உயிர் கொடுக்கும் என்று மூன்று வருடம் பார்க்கப் போகிறாராம். கம்பளி என்றால் சும்மா கம்பளி இல்லை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலை இழுத்து லைட்டரால் கொளுத்தி மணந்து பார்ப்பார். மயிர் கருகிய மணம் வந்தால் அசல் கம்பளி, தோட்டத்துக்குப் போகும். பிளாஸ்டிக் மணம் வந்தால் குப்பைக்கு. ஆலையில் நெருப்பு அபாய மணி இரண்டு தரம் அடித்ததற்கு இதுதான் காரணம்.

பக்கத்துத் தோட்டங்களில் பூவும் புல்வெளியும் மயிர்வெட்டிய தலை மாதிரி ஒழுங்காக இருக்கும். அண்ணையின் தோட்டத்தில் ஸ்வெட்டர் கையும் கழுத்தும் சிதறிக் கிடக்கும், நடுவில் இடுப்பளவு புல் நிற்கும். போகிற வருகிற டெனிஷ்காரர் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போவார்கள்.

மூன்றாவது வருடத்து மே மாதம் அங்கே வன்னியில் சண்டை முடிந்தது. அந்தக் கிழமைகளில் இக்காஸ்டில் எந்தத் தமிழ் வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. எல்லாரும் தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தோம். அறிக்கை அண்ணையின் ஒரே தங்கச்சி இரண்டு பிள்ளைகளோடு வன்னிக்குள். மூன்று கிழமை அவர் வாய் திறக்கவில்லை. அவர் கதைக்காமல் இருந்தது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஜூன் தொடக்கத்தில் ஒரு காலை கதவை உடைக்கிற மாதிரித் தட்டினார். திறந்தால், சிரிக்கிறார், அழுகிறார், மூக்கைச் சிந்துகிறார்.

"இருக்கிறாள் தங்கச்சி! மூண்டு பேரும் இருக்கினம்! முகாமில இருந்து போன் எடுத்தவள்!"

"ஐயோ, பிள்ளையாரப்பா! என்ன சொன்னவா?"

"எங்கட காணியெல்லாம் எரிஞ்சு கிடக்காம். திரும்பிப் போக விட்டா இனி அதில ஏதும் முளைக்குமோ எண்டு கேட்டவள். பாருங்கோ, உயிர் தப்பி வந்தவள் விதைக்கிற கதை கதைக்கிறாள்! ஓகஸ்டில நாலு பாத்தியையும் கிண்டிப் பாத்துப்போட்டுச் சொல்லுறன் எண்டனான்."

அந்த மகிழ்ச்சிக்கு ஒரு கிழமைகூட ஆயுள் இல்லை. சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஜூன் கடைசியில் வேலிச்செடி வெட்டி முடித்த பிறகு தோட்டச் சோதனை நடக்கும். அதற்குள் களையும் கந்தலும் அகற்றப்படாவிட்டால் நிலம் வேறொருவருக்குக் கொடுக்கப்படும். அண்ணை சில்லுப் பையை இழுத்துக்கொண்டு கியர்ஸ்டன் வீட்டுக்குப் போனார். அந்த மனுசி கோப்பி கொடுத்து, கேக் கொடுத்து, முழு அறிக்கையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லது, ஆனால் புல்லை எப்போது வெட்டுவீர்கள்?" என்றாராம்.

"வெட்டமாட்டன். ஓகஸ்ட் வரைக்கும் அதில கை வைக்க ஏலாது" என்று எங்களிடம் வந்து சொன்னார். நிலம் போனால் தங்கச்சிக்குப் பதில் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன். அண்ணை ஒரு சனிக்கிழமை ரண்டர்ஸில் கலியாணமொன்றுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், எங்கள் பெண்களைத் திரட்டினேன். "ஒரு சிரமதானம் செய்வம், எல்லாரும் சேந்து துப்பரவாக்கிக் குடுப்பம். பாவம் மனுசன், தனிய என்ன செய்யும்!" என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் மண்வெட்டியோடு போனோம். அவர் கை வைக்கக் கூடாது என்று சொன்னதை, அவருக்கு நேரமில்லை, வெட்கத்தில் சொல்கிறார் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். எங்கள் வளவுகளில் ஒரு புல் நின்றாலே வீட்டுக்காரிக்கு மானம் போகிற ஆட்கள் நாங்கள். விட்டுவைப்போமா?

பிடுங்கினோம். மண்வெட்டியால் புல்லைச் செருக்கினோம். கல் பொறுக்கினோம். பாத்தி இலக்கம் எழுதி நட்டிருந்த தடிகளைப் பிடுங்கி, விறகு என்று கட்டி வைத்தோம். மட்டக்களப்புப் பவளக்கா, மண்ணோடு உக்கிப் போகாமல் மிஞ்சிய ஸ்வெட்டர் கைகளைக் கழுவிப் பிழிந்து, காயவைத்து, மடித்தே வைத்துவிட்டார். கடைசியில் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், தோட்டம் கோயில் வீதி மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொழுதுபடமுன் அண்ணை வந்தார். பட்டு வேட்டி, கையில் பை. "எப்பிடி?" என்று பன்னிரண்டு பேரும் கை தட்டினோம். அவர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியள் எங்க?"

மெல்ல உள்ளே வந்து, பட்டு வேட்டியோடு வெறும் மண்ணில் இருந்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருடத்தை ஒரு பகலில் கூட்டித் துடைத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தோட்டச் சோதனை வெகு சிறப்பு. கியர்ஸ்டன் கை கொடுத்துப் பாராட்டி, சங்கத்தின் பொதுவெளியையும் ஒருநாள் செய்து தரமுடியுமா என்று எங்களைக் கேட்டார். நிலம் தப்பிவிட்டது. அண்ணை மட்டும் இரண்டு வெள்ளிக்கிழமை வாளியோடு வரவில்லை. மூன்றாவது கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் அறிக்கையை விரித்து வைத்து, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, நான் செய்தது பெரிய பிழை. மன்னியுங்கோ. ஏசுறதெண்டா ஏசுங்கோ. அந்தக் கேற்றடிப் பாத்தியால என்ர முதுகு இன்னும் நிமிரேல்லை, அதுவும் எனக்கு நல்லா வேணும்."

அவர் திரும்பினார். "கேற்றடி என்ன மாதிரி?"

"கொங்கிறீற்! மண்வெட்டிப் பிடியே முறிஞ்சது."

"வேலியோரம்?"

"அது பரவாயில்லை, புல்லு வேரோட வந்தது. ஆனா புழு! அருவருப்பில நான் கத்தினனான்."

அண்ணை எழும்பிப் பேனையை எடுத்தார். "எத்தினை தரம் கத்தினனீங்கள்?"

நான் பகிடி என்று நினைத்தேன். மனுசன் எழுதுவதற்குக் காத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் என் குசினிக்குள் சாட்சி சொன்னோம். எந்தப் பக்கம் பிடுங்கினாய், வேர் எவ்வளவு நீளம், மண் கையில் ஒட்டியதா உதிர்ந்ததா, என்ன மணம். ஒருத்தி சொல்ல மற்றவள் மறுக்க, சந்தை தோற்றது. எல்லாரும் ஒருகாலத்தில் வயலிலும் தோட்டத்திலும் நின்றவர்கள்தானே, கைக்கு மறக்கவில்லை. பவளக்கா தீர்ப்புச் சொன்னார்:

"கழிவு போட்ட பக்கம் மேலால கறுப்பு, கீழ இறுக்கம். புல்லு நின்ட பக்கம்தான் மண். கையை விட்டா முழங்கை வரைக்கும் போகுது புள்ள, உள்ளுக்கு ஈரம்."

ஒருவரும் மறுக்கவில்லை. அண்ணை பேனையை வைத்தார்.

"நான் கிண்டியிருந்தா ஒராளின்ர கை. இது பன்னிரண்டு பேற்றை கை. தோட்டக்காரரைக் கேளுங்கோ எண்டு எழுதினதை ஊர் முழுக்க இழுத்துக்கொண்டு திரிஞ்சனான், உங்களிட்ட ஒரு கேள்வி கேட்டனானோ? விசரன் நான்!" என்று சொல்லித் தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு டெனிஷ்காரி வந்து கதவைத் தட்டினாள்.

ஓகஸ்டில் ஒரு மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட வந்திருந்தார். எங்கள் சாட்சிகளை வைத்து அவர் எழுதிய தோட்ட அறிக்கை மடியில். ஆய்வாளர்கள் என்று எங்கள் பன்னிரண்டு பேரின் பெயரும் முதற்பக்கத்தில், எல்லாவற்றையும் பாழாக்கிய என் பெயர் முதலாவதாக. கையடக்கத் தொலைபேசி அடித்தது, முகாமிலிருந்து அவர் தங்கச்சி. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

"அண்ணை, எனக்குப் பின்னால நிறையப் பேர் நிக்கினம். கெதியாச் சொல்லுங்கோ. முளைக்குமோ?"

அண்ணை முதற்பக்கத்தைத் திறந்தார். பார்த்தார். மூடினார்.

"முளைக்கும் பிள்ளை. போன உடன புல்லைச் செருக்கிப்போடாதை. வளரட்டும், வெட்டி அதிலயே போடு. முதல் வருசம் ஒண்டும் வராட்டி அழாதை. மண் சாகேல்லை."

"உண்மையாவோ? ஆர் சொன்னது?"

"இஞ்ச பன்னிரண்டு பொம்பிளையள் பிடுங்கிப் பாத்தவை. ஒராள் புழுவைக் கண்டு ஒன்பது தரம் கத்தினவ."

மறுமுனையில் அந்தப் பெண் சிரித்தாள். வாய்விட்டு, அடக்கமுடியாமல், பின்னால் நின்றவர்கள் என்ன என்ன என்று கேட்கக் கேட்கச் சிரித்தாள். அப்படியே இணைப்பு அறுந்தது.

அண்ணை தொலைபேசியைக் கையில் எடுத்து அப்படியே வைத்திருந்தார்.

"சிரிச்சவள் தங்கச்சி. கேட்டதோ?"

"கேட்டது அண்ணை" என்றேன். அவர் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டேன். போதும் என்றார். இன்னொரு அகப்பை போட்டேன்.