பறக்க அனுமதி இல்லாத வீரர்

பதிவறை எழுத்தருக்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு ரகசியம். அது அவர் வீட்டுக் குளியலறையில், ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. தலை, கை, கால், அங்கி என்று, ரெசின் என்னும் பிசினில் வார்த்த பதினேழு பொம்மைத் துண்டுகள். ஒட்டி, வண்ணம் பூசினால் முழங்கால் உயரத்துக்கு ஒரு சூப்பர் ஹீரோ எழுந்து நிற்பார்.

"முதல்ல குளிக்க இடம் விடுங்க, அப்புறம் உலகத்தைக் காப்பாத்தலாம்" என்பது மனைவியின் நிலைப்பாடு.

வாய் சும்மா இராமல் எழுத்தர் இதை ஒருநாள் அலுவலகத்தில் சொல்லிவிட்டார். மாலைக்குள் இயக்குநர் காதுக்குப் போய்விட்டது. 'ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு நாயகன் தேவை' என்று ஏதோ பயிற்சி வகுப்பில் கேட்டுவிட்டு வந்திருந்த இயக்குநர், மறுநாளே சுற்றறிக்கை விட்டார்: "மக்கள் சேவையில் உத்வேகம் ஊட்டும் பொருட்டு மேற்படி வீரர் வரவேற்புக் கூடத்தில் நிறுவப்படுவார். பணியை மேற்பார்வையிட ஐவர் குழு இதன்மூலம் அமைக்கப்படுகிறது."

எழுத்தருக்குத் தலைகால் புரியவில்லை. பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்தார். காற்றுக்குமிழி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தார். மூட்டுகளில் கம்பி செருகி ஒட்டி, வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சாகச் சாம்பல் நிற பிரைமர் அடித்துக் குழுவின் முன் வைத்தார். அங்கி பறக்க, வலது முஷ்டியை வானத்துக்கு உயர்த்தி நின்றார் வீரர்.

"கையை ஏன் ஓங்கியிருக்கார்?" என்றார் குழுத் தலைவர்.

"பறக்கப் போறார் சார்."

"மனு கொடுக்க வந்தவனை அடிக்கப் போற மாதிரியில்ல இருக்கு. இறக்குங்க."

"அதோட, அலுவலக நேரத்துல பறந்தா அது வெளிப்பணி" என்றார் கண்காணிப்பாளர். "முன் அனுமதி இருக்கா?"

அங்கி போயிற்று. தோளை அறுத்துக் கையை இறக்கி ஒட்டியபோது எழுத்தருக்குத் தன் தோளே வலித்தது.

அடுத்த கூட்டத்தில் முகமூடி போயிற்று. அடையாள அட்டைக்கு முகம் தெரிய வேண்டுமாம். நிற்பவரைப் பார்த்தால் கிளம்பப் போகிறவர் மாதிரி இருக்கிறது என்று முட்டியை அறுத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிவப்பு ஒரு கட்சியின் நிறம், நீலம் இன்னொரு கட்சியின் நிறம். எனவே யார் மனதையும் புண்படுத்தாத பிரைமரே இறுதி வண்ணம் என ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

வீட்டில் மனைவி உற்றுப் பார்த்தார். "யாருங்க இது?"

"சூப்பர் ஹீரோ."

"எங்கேயோ பார்த்திருக்கேனே. போன வருஷம் நான் சான்றிதழ் வாங்க வந்தப்ப, சாப்பிட்டு வரேன்னு போனாரே, அவரா?"

எழுத்தர் அன்று சாப்பிடவில்லை.

திறப்பு விழா முடிந்த மறுநாள், ஜனங்கள் சிரிக்கப்போகிறார்கள் என்று பயந்து அவர் கூடத்திலேயே நின்றார். ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கவுன்டர்களில் ஆளில்லாமல் கிடந்த ஐந்து நாற்காலிகளையும் பார்த்தார். மனுவை வீரரின் மடியில் வைத்துக் கும்பிட்டார்.

எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை. "அவர் ஒண்ணும் செய்ய மாட்டாருங்க."

"தெரியும் சார். ஆனா நாளைக்கு வான்னு சொல்லலையே."

வாரம் முடிவதற்குள் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. அந்த மாதம் அலுவலகத்தின் மீது ஒரு புகார்கூட வரவில்லை. மேலிடம் பாராட்டி, வீரரைக் கண்காணிப்பாளருக்கு மேல்நிலையில் நியமித்தது. இனி எல்லாக் கோப்பும் அவர் வழியாகவே போக வேண்டும்.

உத்தரவைப் படித்து எழுத்தர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். மூன்று வருடமாகப் பதில் வராத தன் இடமாற்ற மனுவை உருவி எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் போய் வரிசையில் நின்றார்.

அவருக்கு முன்னால், கையில் ஏதோ மனுவோடு, இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.