ஸௌம்யாவின் சத்தமில்லாத கல்யாணம்

கல்யாணம் நடந்ததற்குத் தாலி, மெட்டி, மாமியார் ஆகியவை போதிய ஆதாரம் அல்ல என்று மேலிடம் முடிவு செய்த ஆண்டில், காஞ்சிபுரத்தில் ‘திருமணக் குறுந்தகடு சரிபார்ப்பு அலுவலகம்’ திறக்கப்பட்டது. கல்யாண டிவிடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், போட்டுப் பார்த்து, நடந்தது கல்யாணம்தான் என்று சான்று தருவார்கள். மாப்பிள்ளை அமெரிக்காவில் இருந்தால், அந்தச் சான்று இல்லாமல் பெண்ணுக்கு விசா கிடையாது.

சின்ன காஞ்சிபுரம் சக்ரவர்த்தி, ஓய்வுபெற்ற சமஸ்கிருத வாத்தியார். அவர் மகள் ஸௌம்யாவுக்குத் தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை ஹர்ஷவர்தன் அமெரிக்கா திரும்பிவிட்டான். பெண் பெட்டி கட்டி, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் வீட்டில் டிவிடி பிளேயர் கிடையாது. வீடியோக்காரர் கொடுத்த தகட்டைப் பிரிக்காமல் நேரே அலுவலகத்தில் கொடுத்தார்.

அலுவலர் மாணிக்கவாசகம் தகட்டைப் போட்டார். படம் வந்தது. பட்டுப்புடவைகள் மின்னின. புரோகிதர் வாய் அசைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

“என்ன சார் இது? இவர் மந்திரம் சொல்றாரா, வெத்தலை மெல்றாரா? அரசாங்கம் எப்படி முடிவு பண்றது?”

“ஒரு எழுத்துப் பிசகாம சொன்னார் சார். வேதத்துல பிழை வந்தா நான் விடுவேனா?”

செவிலிமேட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த வீடியோக்காரர் அருள் வரவழைக்கப்பட்டார்.

“கம்ப்யூட்டர்ல டிவிடி போடும்போது சத்தத்தைப் பல தினுசா பதியலாம் சார். நான் போட்டது எம்.பி-டூ. உங்க பிளேயருக்கு அது புரியல. ஏசி-த்ரீக்கு மாத்திட்டா பேசும்.”

“அரசு பிளேயருக்குப் புரியலன்னு சொல்றியா?”

“ஐயோ, இல்ல சார்!”

“இது டெண்டர்ல வந்த பிளேயர்பா. தகடுதான் அதுக்கு அடங்கி நடக்கணும்.”

கோப்பில் இப்படி எழுதப்பட்டது: ‘மேற்படி திருமணம் படத்தளவில் நடந்து முடிந்துள்ளது. சத்தத்தளவில் நிலுவையில் உள்ளது.’

இதைக் கேட்டு ஸௌம்யா அழுதாள். அமெரிக்காவிலிருந்து ஹர்ஷவர்தன் போன் செய்து, “அப்போ நான் பாதி புருஷனா?” என்று கேட்டான். சட்டப்படி அவன் கேட்டது சரியான கேள்வி.

அருள் சத்தத்தை மாற்றிப் புதுத் தகடு கொண்டு வந்தார். இம்முறை பிளேயர் பேசியது. நன்றாகவே பேசியது. புரோகிதர் வாயைத் திறந்தார். பெண் குரலில் சினிமாக் காதல் பாட்டு வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் குத்துப்பாட்டு தொடங்கியது.

வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். “மந்திரம் எங்கேப்பா?”

“முதல் தகட்டுலேயே எடுத்துட்டேன் சார். மந்திரம் இருந்தா யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டேங்குறாங்க. இப்ப இதான் ஃபேஷன்.”

“முதல்ல எடுத்த டேப்பு?”

“அதுமேல வாலாஜாபாத்ல ஒரு காதுகுத்து எடுத்துட்டேன் சார்.”

மாணிக்கவாசகம் பெருமூச்சு விட்டார். தகடு கைவிட்டால் நேரடி சாட்சிகளை விசாரிக்கலாம் என்று விதியில் இடம் இருந்தது. வாத்தியாரின் நண்பர், ரைஸ்மில் ராமலிங்கம் முன்வந்தார்.

“விடிகாலையிலேர்ந்து நான் அங்கதான் சார் இருந்தேன்.”

“தாலி கட்டும்போது மந்திரம் கேட்டுதா?”

“அப்ப பந்தியில இருந்தேன் சார். கெட்டிமேளம் கேட்டுது. உட்கார்ந்த இடத்துலயே அட்சதை போட்டேன்.”

“எங்க விழுந்துது?”

“பக்கத்து இலை ரசத்துல.”

அடுத்து ஸௌம்யா. அவள் யோசித்துப் பார்த்தாள். “வீடியோக்காரர், ‘கொஞ்சம் சிரிங்க மேடம், இன்னொரு தடவை தலையைக் குனிங்க’ன்னார். அதுதான் கேட்டது சார்.”

கடைசியாக வாத்தியார். மணையிலேயே உட்கார்ந்திருந்தவர். வேதத்தில் பிழை பொறுக்காதவர்.

“நீங்க சொல்லுங்க. என்ன மந்திரம் சொன்னாங்க?”

வாத்தியாருக்குக் காது மடல் வரை சிவந்துபோயிற்று.

“மூணாம் பந்திக்கு சாம்பார் பத்துமான்னு யோசிச்சுண்டு இருந்தேன் சார்.”

பாவம், நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்தவர், மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தபடி நின்றார்.

மாணிக்கவாசகம் மட்டும் மலர்ந்துபோனார். உடனே உத்தரவு சொல்லி எழுத வைத்தார்: ‘மேற்படி திருமணத்தில் எவர் காதிலும் மந்திரம் எதுவும் விழவில்லை என்பது ஐயந்திரிபற நிரூபணமாகிறது. ஆகவே சத்தமில்லாத முதல் தகடே நடந்ததை நடந்தபடி காட்டும் உண்மைத் தகடு எனக் கொண்டு, சான்று வழங்கப்படுகிறது.’

முத்திரை விழுந்தது. ஸௌம்யா விமானம் ஏறினாள்.

அதிலிருந்து அந்த அலுவலகத்தில் சத்தமில்லாத தகடுகள் மட்டுமே ஏற்கப்படுகின்றன. சத்தத்தை நீக்கித் தர அருள் தனியாக ஒரு ஆள் வைத்திருக்கிறார். ஊரில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. பொதுமக்கள் திரண்டு கையெழுத்திட்டு ஒரே ஒரு மனுதான் கொடுத்திருக்கிறார்கள்: பந்தி நடக்கும் பகுதிக்கு மட்டுமாவது சத்தம் வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டுமாம்.